பித்தப்பை எடுத்த பிறகு கொழுப்பு செரிக்காதா?

கேள்வி: எனக்கு வயது 44. சென்ற ஆண்டு பித்தப்பையில் கல் என்று லேப்ராஸ்கோப்பி செய்து பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பிரியாணி, பூரி, கல்யாண விருந்து எதைச் சாப்பிட்டாலும் அரை மணி நேரத்தில் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. தண்ணீராகப் போகிறது. எடை குறையவில்லை. சுகருக்கு மாத்திரை எடுக்கிறேன். தெரிந்தவர் ஒருவர், 'உங்கள் உடம்பு கொழுப்பைச் செரிக்கவில்லை' என்று சொல்லி, என்சைம் பவுடரும் கல்லீரல் சுத்திகரிப்பும் சேர்த்து மூன்று மாத பேக்கேஜ் 18,000 ரூபாய் என்கிறார். வாங்கலாமா? இனி நெய், எண்ணெய் எதுவுமே கூடாதா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

உங்களுக்குக் கொழுப்பு செரிக்கவில்லை என்பதற்கு நீங்கள் எழுதியதில் ஓர் அடையாளமும் இல்லை. செரிக்காத கொழுப்பு தண்ணீராக வெளியேறாது, எண்ணெய்ப் பிசுக்காக வரும். அதோடு எடையும் இறங்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை என்பது அதில் 30, 50 மில்லியைக் கெட்டியாக்கிச் சேர்த்து வைத்திருந்து, கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்குள் வந்ததும் திறந்துவிடும் மேல்நிலைத் தொட்டி. உங்களுக்கு எடுத்தது தொட்டியை மட்டும். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைக்கும் பித்தநீர் இருக்கிறது, அந்தத் துளிகளைச் செரிக்கும் லைபேஸ் என்ற என்சைமைச் சுரக்கும் கணையம் இருக்கிறது, உறிஞ்சும் சிறுகுடலும் இருக்கிறது. பித்தப்பை இல்லாமலே கோடிக்கணக்கானோர் சாப்பிட்டுச் செரித்து நன்றாக இருக்கிறார்கள்.

அப்படியானால் எதற்கு இந்த ஓட்டம்? சேமித்து வைக்க இடம் இல்லாததால் பித்தநீர் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வழக்கமாக அதிலுள்ள பித்த அமிலங்களில் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். சிலருக்கு அந்த இடம் சமாளிக்க முடியாத அளவு பித்த அமிலம் வந்து, மிச்சம் பெருங்குடலுக்குள் இறங்குகிறது. அங்கே அது தண்ணீரை இழுக்கும், குடலை அவசரப்படுத்தும். பித்தப்பை எடுத்த பத்துப் பேரில் ஒருவர், இருவருக்கு இது வரும். பலருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அரை மணி நேரத்தில் வெளியே வருவது அப்போது சாப்பிட்ட பிரியாணி கிடையாது. அது அந்த நேரத்தில் இரைப்பையிலேயே பாதிக்கு மேல் இருக்கும். கொழுப்பு உள்ளே போனதும் பெருங்குடலுக்கு ஒரு தள்ளு விழுகிறது, ஏற்கெனவே அங்கே இருந்ததுதான் வருகிறது. "சாப்பிட்டது அப்படியே போகுது டாக்டர், ஒட்டவே மாட்டேங்குது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எடையைத்தான்.

இதையெல்லாம் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் 'லோ ஃபேட் டயட்' என்று மூன்று வார்த்தை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை நாளைக்கு, எவ்வளவு குறைவு, ஏன், ஒன்றும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் பவுடர் டப்பாவோடு ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் உணவுத் துணைப்பொருளாக விற்பதென்றால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று லேபிளில் அச்சிட்டாக வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும். விற்பவர் அந்த வரியை மட்டும் உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார். பக்கத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். 'அரசாங்கமே அங்கீகரித்தது' என்று அதைத்தான் காட்டுவார்கள். அந்த எண் முறுக்கு பாக்கெட்டிலும் இருக்கிறது. உணவு விற்க உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்பதைத் தாண்டி அதற்கு ஒரு பொருளும் இல்லை.

அடுத்து உள்ளே என்ன என்சைம் என்று பாருங்கள். டயஸ்டேஸ், பெப்சின் என்று இருந்தால், முதலாவது மாவுச்சத்துக்கு, இரண்டாவது புரதத்துக்கு. கொழுப்போடு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மருந்துக்கடையில் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க என்று கொடுக்கும் பல செரிமான டானிக்குகளின் கதையும் இதுதான். லைபேஸ் என்று போட்டிருந்தால் எத்தனை யூனிட் என்று கேளுங்கள். வெறும் மில்லிகிராமில் எழுதியிருந்தால் அதில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கணையம் உண்மையிலேயே கெட்டுப்போன பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 40,000, 50,000 யூனிட் லைபேஸ் கொடுக்கிறோம். அதுவும் இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடாதபடி மேல்பூச்சு கொடுத்த சின்ன மணிகளாக, கேப்சூலுக்குள். வெறும் பவுடராகக் கலக்கிக் குடிக்கும் லைபேஸில் பெரும்பகுதி இரைப்பையோடு சரி.

கல்லீரல் சுத்திகரிப்பு என்பது அநேகமாக ஆப்பிள் ஜூஸ், எப்சம் உப்பு, ராத்திரி ஆலிவ் எண்ணெயோடு எலுமிச்சைச் சாறு என்ற வாட்ஸ்அப் வைத்தியமாகத்தான் இருக்கும். மறுநாள் பச்சைப் பச்சையாக உருண்டைகள் விழும், 'பார்த்தீர்களா கல்' என்பார்கள். 2005ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இருவர் இப்படி விழுந்த 'கற்களை' ஆராய்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரும்பகுதி கொழுப்பு அமிலம், அதாவது குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பாக மாறித் திரண்டிருக்கிறது. உங்களுக்குப் பித்தப்பையே இல்லை. உங்களிடமும் கல்லை எடுத்துக் காட்டுவேன் என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் நான் என்ன விளக்குவது? பித்தப்பையில் நிஜமாகவே கல் இருப்பவர்கள் இதைச் செய்தால் விளையாட்டு வினையாகும். ஒரு லோட்டா எண்ணெய் உள்ளே போனால் பித்தப்பை இறுக்கிச் சுருங்கும், கல் நகர்ந்து குழாயில் போய் அடைத்தால் கணையமே வீங்கிப்போகும்.

பித்தக்கல்லைக் கரைப்பேன் என்று விளம்பரம் செய்வதே இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி குற்றம். மாய மருந்துகள் சட்டத்தின் அட்டவணையில் பித்தக்கல் பெயரோடு இருக்கிறது. சட்டம் வந்து எழுபது வருடம் ஆகிவிட்டது. பேருந்தின் முதுகில், டிவியில், இப்போது யூடியூபில் என்று விளம்பரம் தடையில்லாமல் ஓடுகிறது. யார் மேல் வழக்கு போட்டார்கள் என்று நீங்கள் எங்காவது படித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

தெரிந்தவர் அடுத்தபடியாக உங்களை ஒரு லேபுக்கு அனுப்பி, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று நூறு பொருளுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லக்கூடும். ஐஜிஜி பரிசோதனை என்பார்கள். அதில் சிவப்புக் கட்டத்தில் வருவது பெரும்பாலும் நீங்கள் அடிக்கடி சாப்பிடும் உணவுதான். அதற்கு மேல் அது எதையும் சொல்லாது, அனுப்பியவருக்குக் கமிஷன் போய்ச் சேரும். இதில் சில டாக்டர்களும் சேர்த்தி என்பதை மறைப்பதற்கில்லை.

சரி, என்ன செய்வது?

முதலில் உங்கள் சுகர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்றால், வயிற்றுப்போக்குக்கு அதுவே காரணமாக இருக்கலாம், அல்லது பித்தநீரோடு கூட்டுச் சேர்ந்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு டோஸ் கூட்டினார்களா என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், கல்யாண விருந்தில் நெய்யைக் குற்றம் சொல்லும் முன் பால் பாயசத்தையும் ஐஸ்கிரீமையும் கணக்கில் எடுங்கள். பால் சர்க்கரை செரிக்காதவர்கள் நம் ஊரில் ஏராளம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் சாப்பிட்டதையும் போனதையும் நேரத்தோடு எழுதுங்கள், பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

நெய், எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டாம். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வதற்கே கொழுப்பு வேண்டும். உங்களுக்குத் தேவை அதைப் பிரித்துச் சாப்பிடுவது. ஒரு வேளைக்கு 10, 15 கிராம் கொழுப்பு என்றால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இருக்காது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது 14 கிராம். உங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 38 கிராம், அதுவும் கண்ணுக்குத் தெரியும் எண்ணெய் மட்டும். தெரியாதது தேங்காய். 50 கிராம் துருவலில் 15 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கிறது. இட்லிதானே என்று நினைத்துக்கொண்டு, கெட்டிச் சட்னியை இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "எண்ணெயைத் தொடவே இல்லை, இருந்தும் போகிறது" என்பவர்கள் நிறைய. பிரியாணி சாப்பிடுங்கள், கால் பிளேட். அதோடு சிக்கன் 65 வேண்டாம். வெறும் வயிற்றில் காபி குடித்ததும் போகிறதென்றால் அதையும் தள்ளிப்போடுங்கள். ராத்திரி இசப்கோல் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து குடிப்பது சிலருக்கு நன்றாகவே கேட்கிறது.

தேங்காயெண்ணெய்க்குப் பித்தநீரே வேண்டாம், நேராக ரத்தத்தில் கலந்துவிடும் என்றும் உங்களிடம் சொல்வார்கள். அது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்று தனியாகப் பிரித்தெடுத்து விற்கும் எண்ணெய்க்குப் பொருந்தும். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயில் அந்த வகை சுமார் 15 சதவீதம்தான். மிச்சத்துக்கு மற்ற எண்ணெய்களைப் போலப் பித்தநீர் வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு மாதத்தில் அடங்கவில்லை என்றால் கொலஸ்டிரமின் என்ற பவுடர் மருந்து இருக்கிறது. குடலில் உள்ள பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பித்த அமிலத்தால் வரும் வயிற்றுப்போக்கு என்றால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும், நோய் அதுதான் என்பதற்கும் அதுவே கிட்டத்தட்டச் சாட்சி. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். மற்ற மாத்திரைகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்தோதான் எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் ரொம்பக் கவனம்.

மேலே சொன்னது பொருந்தாத ஒரு கூட்டம் உண்டு, அதை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. நாள்பட்ட கணைய அழற்சி. கேரளத்திலும் தென் தமிழகத்திலும் ஒரு சொட்டு மது குடிக்காத இளைஞர்களுக்குக்கூட வரும் ஒரு வகை இருக்கிறது. கணையத்துக்குள்ளேயே கல் கட்டிவிடும். சின்ன வயதில் வயிற்றுவலி, அப்புறம் மெலிந்த உடம்போடு சுகர், அப்புறம் கொழுப்பு செரிக்காமை. இவர்களுக்கு மலம் வெளிறி, கொழகொழவென்று, கெட்ட நாற்றத்தோடு போகும். தண்ணீர் ஊற்றினாலும் பேசினில் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே எண்ணெய்ப் படலம் தெரியும். வெறுமனே மிதக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாயு இருந்தாலும் மிதக்கும். இதில் இன்னொரு சிக்கல்: ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணெயை ஏற்கெனவே குறைத்துக்கொண்டவருக்கு இந்த அடையாளங்கள் வெளியே தெரியாது. எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

இவர்களுக்கு ஸ்கேனும், மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைமின் அளவும் பார்க்க வேண்டும். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம், 100க்குக் கீழே என்றால் கணையம் நன்றாகவே பழுது. ஆனால் தண்ணீராகப் போகும் மலத்தைக் கொடுத்தால் நீர்த்துப்போய் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். லேபில் பாதிப் பேர் இதைச் சொல்வதில்லை. நாளை உங்களையே யாராவது இந்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி, குறைவு என்று ரிசல்ட் வந்தால், உடனே பயந்துவிடாதீர்கள், ஓரளவு கெட்டியாகப் போகும் நாளில் மறுபடி கொடுங்கள். நோய் உறுதியானவர்களுக்கு என்சைம் கேப்சூல் கட்டாயம் வேண்டும். விலையும் கூடுதல்தான், ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியிருக்கும். முதல் கவளத்தோடு பாதி, நடுவில் மீதி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு போட்டால் சாப்பாட்டோடு கலக்காது, பாதி வீண். பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொல்வதில்லை. கேப்சூல் ஒழுங்காக எடுப்பவர்கள் கொழுப்பைக் குறைக்கவும் தேவையில்லை, அவர்களுக்கு அது வேண்டும்.

உங்களுக்கும் சுகர் இருப்பதால் இந்தச் சந்தேகம் வரும். எடை குறையவில்லை, வலி என்றும் எழுதவில்லை, அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே கணையத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள், இயல்பு என்றிருந்தால் இந்தக் கவலையை விடுங்கள்.

ராத்திரி தூக்கத்தில் எழுந்து போக வேண்டியிருந்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ, எடை இறங்கினாலோ அடுத்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போய், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம். பித்தப்பை எடுத்தவர்களுக்கும் அது வரும். காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.