சினிமாக் காதல் நிஜத்தில் ஏன் எடுபடுவதில்லை?

படத்தில் நாயகி பின்னால் விடாமல் சுற்றினால் இடைவேளைக்குள் காதல் வந்துவிடும். அவள் மனம் மாறுவதையும் எழுதுவது அதே கதாசிரியர்தானே! கேமரா நாயகன் பக்கமே நிற்கும். பஸ் ஸ்டாப்பில் தினமும் ஒருவன் நிற்பதால் அவள் பாதை மாற்றிப் போவதும், வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுவதும் காட்சியாவதில்லை. விருப்பமில்லை என்று காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது இந்தியாவில் 2013 முதல் தனிக் குற்றம் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78ஆவது பிரிவு). ஒருமுறை கேளுங்கள். பதிலே வராவிட்டாலும் நிறுத்திவிடுங்கள்; தோழி மூலம் தூது விடுவதும் தொந்தரவுதான்.

அடுத்தது பாட்டு. ஐந்து நிமிடத்தில் ஆறு மாதப் பழக்கம் ஓடிவிடும். வாடகை, கடன், யார் சமைப்பது என்ற பேச்செல்லாம் வெட்டுப்படும். “சொல்லாமலே புரிஞ்சுக்கணும்” என்ற சண்டை இங்கேதான் முளைக்கிறது. சம்பளத்தில் பெற்றோருக்கு எவ்வளவு போகும் என்பதைக்கூடக் கல்யாணத்துக்கு முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.