சி.இ.ஏ. நார்மல் என்றால் குடலும் நார்மலா?

கேள்வி: எனக்கு வயது 41. அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். எனக்கு அவ்வப்போது மலத்தோடு ரத்தம் வரும். மூலம்தான் என்று மெடிக்கலில் களிம்பு வாங்கிப் பூசுகிறேன். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை 2.1, நார்மல் என்று வந்திருக்கிறது. 'கேன்சர் இல்லை' என்கிறார் பேக்கேஜ் பிடித்துக் கொடுத்தவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னும் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) தேவையா?

பதில்: தேவை. போன வருடமே செய்திருக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், 40 வயது அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பு, இதில் எது முந்துகிறதோ அப்போது தொடங்கி 5 ஆண்டுக்கு ஒருமுறை குடலைப் பார்க்க வேண்டும். உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் இதே கணக்குதான்.

சி.இ.ஏ. என்பது புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்கு அது திரும்புகிறதா என்று கவனிக்கும் சோதனை. ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு நார்மலாகவே இருக்கும். புகைப்பவருக்கு நோயே இல்லாமலும் ஏறும். புற்றாக மாறுவதற்கு முன் வருடக்கணக்கில் குடலில் உட்கார்ந்திருக்கும் பாலிப் என்ற சதைவளர்ச்சியை அது காட்டவே காட்டாது. இதை 'கேன்சர் ஸ்கிரீனிங்' என்று பேக்கேஜில் செருகுவது வியாபாரம். விற்றவர் சொல்லும் 'இல்லை'யை மருத்துவர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூலம் இருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்கு அதற்கு மேலே பாலிப் இருக்கக் கூடாது என்று சட்டமில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'அறுவையின்றி மூலம், பௌத்திரம் குணம்' என்று எழுதியிருக்கும் இடங்களில் உள்ளே விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். ரத்தம் நின்றால் நோயாளி நிம்மதியாகிறார். மேலே இருப்பது வளர்கிறது.

அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும் பரிசோதனை உண்டு. குடலுக்கு யாரும் கூப்பிட்டு அனுப்ப மாட்டார்கள். நீங்களேதான் போக வேண்டும். வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனால் மெடிக்கிளெய்ம் தராது. 'ஒரு நாள் அட்மிஷன் போட்டு வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கிளைம் வாங்கித் தருகிறேன்' என்பவரிடம் சிக்காதீர்கள். பொய்ப் பதிவு நாளைக்கு உங்கள் பாலிசியையே கவிழ்க்கும். ரத்தம் போவதை மருத்துவர் சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

தயாரிப்பில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மூன்று நாள் முன்பிருந்து கீரை, கொய்யா, தக்காளி விதை, எள், கேழ்வரகு வேண்டாம்; வெள்ளைச் சோறு, இட்லி, மோர் சரி. முந்தைய நாள் இளநீர், வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத டீ மட்டும். சிவப்பு நிறப் பானம் கூடாது, ரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பேதிப் பொடியை 2 லிட்டரில் கரைத்து, மாலையில் 1 லிட்டர், பரிசோதனைக்கு 5 மணி நேரம் முன்பு 1 லிட்டர். கால் மணிக்கு ஒரு டம்ளர். முழுவதையும் மாலையிலேயே குடித்துவிட்டால், விடிவதற்குள் சிறுகுடல் நீர் இறங்கி வலப்பக்கக் குடலில் படிந்துவிடும். தட்டையான பாலிப்புகள் ஒளிவது அங்கேதான். கடைசியில் சிறுநீர் நிறத்தில் தெளிவாகப் போக வேண்டும்.

இனி உங்கள் சர்க்கரை மாத்திரை. அட்டையின் பின்பக்கம் படியுங்கள், பிராண்டு பெயரை அல்ல. டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் என்று இருந்தால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையிலும் இது ஒளிந்திருக்கும். பட்டினியோடு இது சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகும். குமட்டலைப் பேதிப் பொடியின் தலையில் போட்டுவிட்டுப் படுத்திருப்பீர்கள். கிளிமிபிரைடு என்றால் ஆபத்து வேறு: திரவ உணவு நாளில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கைநடுக்கம், வியர்வை வந்தால் 3 தேக்கரண்டி குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடியுங்கள், பரிசோதனை கெடாது. இடையில் என்ன மாத்திரை என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஸ்கேன் சென்டர் ரிசப்ஷன் அல்ல.

தேதி வாங்கும்போதே கேளுங்கள்: பாலிப் இருந்தால் அதே அமர்வில் எடுப்பார்களா? 'பார்க்க மட்டும்' என்றால் இன்னொரு முறை 2 லிட்டர் குடிக்க வேண்டும், இன்னொரு பில். ரிப்போர்ட்டில் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை குழாய் போனதற்குப் படம் இருக்கிறதா, குடல் சுத்தம் எப்படி, குழாயை வெளியே இழுக்க எத்தனை நிமிடம் எடுத்தார்கள் என்று பாருங்கள். ஒன்றும் இல்லாத குடலுக்கே 6 நிமிடமாவது ஆக வேண்டும்.