உறுப்பினராகச் சேர்க்கவில்லை, காரணமும் சொல்லவில்லை

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு தர்ம சங்கம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர்களோடு சேர்ந்து அரிசி மூட்டை சுமந்தேன். உறுப்பினராகச் சேர விண்ணப்பமும் ஆதார் நகலும் 500 ரூபாயும் கொடுத்தேன். சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள். காரணம் கேட்டால், "அதெல்லாம் ரகசியம்லா அண்ணாச்சி" என்கிறார் செயலாளர். ஆனால் என் விண்ணப்பத்தின் படமும் என் பழைய கடன் பற்றிய பேச்சும் நிர்வாகிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டன. எனக்குக் கேட்க உரிமை இல்லையா?
– வாசகர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: ரகசியமாக இருக்க வேண்டியவை உங்கள் ஆதாரும் கடனும்தான். எந்த விதிப்படி, எந்தக் கூட்டத்தில் உங்களை வேண்டாம் என்றார்கள் என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் விஷயத்தில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. அது தவறு.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என்னைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று உங்களால் வற்புறுத்த முடியாது. சங்கம் அமைக்கும் உரிமையில், யாரோடு சேர்வது என்று முடிவு செய்வதும் அடங்கும். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரை நீக்கினால் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடையாது. உங்கள் பிடி சங்கத்தின் சொந்தத் துணை விதிகளில்தான் இருக்கிறது.

அதனால் முதலில் ரசீதில் உள்ள பதிவு எண்ணைப் பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான சங்கம் என்றால், துணை விதிகளின் சான்றிட்ட நகலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். பத்திரம் எழுதிப் பதிவு செய்த டிரஸ்ட் என்றால் வழி வேறு; அங்கே பெரும்பாலும் அறங்காவலர்கள் வைத்ததுதான் சட்டம். நகல் கைக்கு வந்ததும் உறுப்பினர் சேர்க்கை விதியைப் படியுங்கள். முடிவு செய்வது செயற்குழுவா, பொதுக்குழுவா? காரணம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதா? மேல்முறையீடு உண்டா? ‘செயற்குழுவின் முடிவே இறுதியானது’ என்ற வரி பல சங்கங்களில் இருக்கும். இருந்தாலும் கூட்டம் கூடி, தீர்மானம் போட்டுத்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். செயலாளரும் தலைவரும் திண்ணையில் பேசி முடித்தது செயற்குழு முடிவு ஆகாது. நிறைய இடங்களில் சறுக்குவது இங்கேதான்.

பிறகு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். விண்ணப்பித்த தேதி, ரசீது எண், முடிவெடுத்த கூட்டத்தின் தேதி, பயன்படுத்திய விதி, உங்களைப் பற்றிய தீர்மானத்தின் நகல், காரணம், 500 ரூபாயைத் திருப்பித் தரும் கோரிக்கை: இவ்வளவு போதும். யார் எதிர்த்து வாக்களித்தார், யார் புகார் சொன்னார் என்று கேட்காதீர்கள். அதை மறைக்க அவர்களுக்கு நியாயம் உண்டு. பயமில்லாமல் கருத்துச் சொல்ல அது தேவை. பெயர்களைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வராது, வந்தாலும் வக்கீல் நோட்டீஸாகத்தான் வரும்.

விண்ணப்பப் படத்துக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். ஆதார் நகலைத் திருப்பித் தரவும், குழுவிலிருந்து படத்தை அழிக்கவும் தேதி குறித்துக் கேளுங்கள். அதற்கு முன்பே தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நியாயம் கேட்கிறேன் என்று நீங்களே அதை இன்னொரு குழுவில் போட்டுவிட வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறினாலும் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அமைப்புகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். ஆகவே இன்றைக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி மட்டும் மிரட்டிப் பயனில்லை.

பதிவாளரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி விசாரணை கோர, செயற்குழுவில் பெரும்பான்மையோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கோ வேண்டும். வெளியாளான உங்கள் மனுவுக்கு, ‘சிவில் நீதிமன்றத்தை அணுகவும்’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதைவிட, வெள்ள வேலையில் உங்களோடு நின்ற உறுப்பினர் ஒருவரை ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்து, ‘சேர்க்கைக்கு என்ன அளவுகோல்? விண்ணப்பங்களை யார் வைத்திருக்கிறார்கள்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். கேள்வியும் பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தட்டும்.

மறுபடி விண்ணப்பிப்பதானால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்தில் இறக்கிக் கொடுங்கள். நகலின் குறுக்கே ‘உறுப்பினர் சேர்க்கைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள்.