கேள்வி பதில்: பேப் ரூத்தா, ஹாங்க் ஏரனா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் பேரன் போன் எடுத்தால் பேஸ்போல் கதைதான். பேப் ரூத்தை மிஞ்ச ஆளில்லை என்கிறான். 714 ஹோம் ரன் அவ்வளவு பெரிய விஷயமா?
- வாசகர், கோண்டாவில்

பதில்: பெரிய விஷயம்தான் ஐயா. பந்தை வேலிக்கு மேலால் அடித்துவிட்டு நான்கு முனையும் சுற்றி ஓடி வருவதுதான் ஹோம் ரன், எங்கள் சிக்ஸர் மாதிரி, ஆனால் அதைவிட அரிது. ரூத் 1914இல் பொஸ்டன் ரெட் சொக்ஸில் பந்துவீச்சாளராகத்தான் வந்தார், பந்து வீசியே 94 வெற்றிகள் எடுத்தவர். பிறகு நியூயோர்க் யாங்கீஸுக்குப் போய் 1927இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். அதை முறியடிக்க 1961 வரை ஒருவராலும் முடியவில்லை.

ஆனால் பேரனிடம் ஹாங்க் ஏரனைப் பற்றியும் கேளுங்கள். என்னைக் கேட்டால் ஏரன்தான் பெரியவர். 1974 ஏப்ரல் 8ஆம் திகதி அட்லாண்டாவில் 715ஆவதை அடித்து ரூத்தை முந்தினார், 1976இல் ஓய்வு பெறும்போது கணக்கு 755. ஒரு பருவத்திலும் அவர் 47க்கு மேல் அடித்ததில்லை, வருடம் வருடமாகச் சளைக்காமல் அடித்தே அங்கு போய்ச் சேர்ந்தார். அவர் மொத்தம் 3,771 ஹிட் எடுத்தவர், பந்தை அடித்துவிட்டு ஒரு முனைக்காவது ஆட்டமிழக்காமல் போய்ச் சேர்வதுதான் ஹிட், ஹோம் ரன்னும் அதில் அடக்கம். அதில் 755 ஹோம் ரன்னையும் கழித்துவிடுங்கள், மிச்சம் 3,016! 3,000 ஹிட் என்பதே ஒரு வீரர் வாழ்நாளில் எட்டக் கனவு காணும் எல்லை. பின்னர் 2007இல் பரி பொண்ட்ஸ் ஏரனைத் தாண்டினார், கடைசியில் 762 என்று முடித்தார், ஊக்கமருந்துச் சர்ச்சை மட்டும் அந்தக் கணக்கை இன்றுவரை விடவில்லை. ஏரன் அடித்து அணிக்குச் சேர்த்த 2,297 ஓட்டங்களை இன்னும் யாரும் தொடவில்லை. ஒரு கறுப்பினத்தவர் ரூத்தைத் தாண்டுவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் வந்து குவிந்துகொண்டிருந்த நாட்களில்தான் அந்த மனிதர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இறங்கி அடித்தார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கேள்வி: ஏப்ரல் 15 அன்று எல்லா வீரர்களும் 42ஆம் இலக்கச் சட்டை போடுகிறார்களே, ஏன்?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: ஜாக்கி ரொபின்சனுக்காக, தங்கச்சி. 1947இல் அதே நாளில்தான் அவர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்கு இறங்கி, பல பத்தாண்டுகளாகக் கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த கதவைத் திறந்தார். அந்த வருடமே சிறந்த புதுமுக வீரர், 1949இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர். 1997இல் 42ஐ எல்லா அணிகளும் சேர்ந்தே ஓய்வாக்கிவிட்டன, மற்ற நாட்களில் அதை ஒருவரும் போடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு முன் தனி லீக்குகளில் ஒதுக்கி வைக்கப்பட்ட வீரர்களின் கணக்குகளை 2024இல்தான் முதன்மைச் சாதனைப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்தவுடன் வாழ்நாள் துடுப்பாட்டச் சராசரியில் முதலிடத்துக்கு வந்தவர் ஜோஷ் கிப்சன், .372, அதாவது ஆயிரம் தடவை அடிக்க நின்றால் 372 ஹிட் என்ற கணக்கு. அவர் 1947இலேயே இறந்துவிட்டார். மிகவும் பிந்திக் கிடைத்த நீதி.

கேள்வி: கிரிக்கெட் வீரர் பிராட்மனும் ரூத்தும் சந்தித்ததுண்டா?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: ஆம், 1932இல், நியூயோர்க்கில்.

கேள்வி: அப்படியானால் உலகத்திலேயே அதிக ஹோம் ரன் பொண்ட்ஸுடையதா?
- வாசகர், நல்லூர்

பதில்: அமெரிக்காவில் சரி. ஜப்பானில் சதஹாரு ஓ 1980இல் ஓய்வு பெறும் வரை 868 அடித்திருக்கிறார், முழுவதும் யொமியூரி ஜயன்ட்ஸ் என்ற ஒரே அணிக்காக. அங்கே மைதானம் சிறிது, பந்துவீச்சு வேறு என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன்.