தார் ஜீப்பில் மாட்டிய பாகங்கள்: எது தங்கும், எதைக் கழற்ற வேண்டும்?

கேள்வி: என்னிடம் 2018 மாடல் மஹிந்திரா தார் டீசல் ஜீப் இருக்கிறது. ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம், அதனால் வாரம் ஒருமுறையாவது மேலே போய் வருவேன். 31 அங்குல டயர், முன்னால் இரும்பு பம்பர், கூரையில் எல்இடி பார், சைலன்சர் இல்லாத நேர்க்குழாய் எல்லாம் போட்டிருக்கிறேன். டயர் மாற்றிய பிறகு ஏற்றத்தில் இழுவை குறைந்ததால் ஈஜிஆரை (எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு) அடைத்து, இசியு ரீமேப்பும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் சாப்ட்வேரை மாற்றுவது) செய்தேன். கையில் புகைச் சான்றிதழ் இருந்தும் அடிவாரத்தில் நிறுத்தி அபராதம் போட்டுவிட்டார்கள். நான் நின்றிருக்கும்போதே ஒரு லாரி கரும்புகை கக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. இவற்றை ஆர்சியில் ஏற்றிச் சட்டப்படி ஆக்க முடியுமா? எதையெல்லாம் கழற்ற வேண்டும்?
— வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: நீங்கள் சொன்ன ஆறில் எதையும் ஆர்சியில் ஏற்றிச் சரிக்கட்ட இன்றைக்கு வழி இல்லை. இதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி நல்ல சேதி சொல்கிறது: "டயர் மாற்றிய பிறகு இழுவை குறைந்தது." அங்கிருந்தே தொடங்கலாம்.

உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 235/70 ஆர்16. அதன் விட்டம் சுமார் 29 அங்குலம். நீங்கள் போட்டிருப்பது 31. கிட்டத்தட்ட ஏழு சதவீதம் பெரியது. சக்கரம் பெரிதானால் எல்லா கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். எஞ்சின் தரும் அதே விசை, சாலையைத் தொடும் இடத்தில் ஏழு சதவீதம் குறைந்துபோகும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில், ஒவ்வொன்றிலும் வேகத்தை இழந்து திரும்ப எடுக்கும்போது நன்றாகவே தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ரீமேப் செய்தீர்கள், அதோடு சேர்த்து ஈஜிஆரையும் அடைத்தீர்கள். முதல் மாற்றம்தான் அடுத்த இரண்டையும் இழுத்து வந்திருக்கிறது.

இறங்கும்போது இன்னும் மோசம். அதே வேகத்தில், அதே இரண்டாவது கியரில் எஞ்சின் முன்பைவிட மெதுவாகச் சுற்றும், அதனால் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலம் குறையும். பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் வேலை. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் நீங்கள் உண்மையில் 64-இல் போகிறீர்கள். மலைப்பாதையில் பிரேக் சூடேறி மிதி கீழே போவது என்ன என்று ஏற்காட்டுக்காரர் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போலீஸ் பிடிக்காவிட்டாலும் அந்த டயரைக் கழற்றுங்கள் என்றுதான் சொல்வேன். மண் பாதைக்குக் கரடுமுரடான டயர் வேண்டும் என்றால், அதே 235/70 ஆர்16 அளவில் ஆல்-டெரைன் வகை கிடைக்கிறது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுதான் அடிப்படை. ஆர்சியில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே படித்தது. அமைப்பை மாற்றலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த இடம் அதோடு போய்விட்டது. அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். உங்கள் வண்டியில் ஆறு இருக்கிறது.

அனுமதி கிடைக்கக்கூடியவை குறைவுதான். வண்டியின் நிறத்தை மாற்றி ஆர்சியில் பதியலாம். முன் அனுமதியோடு அதே வகை எஞ்சினை மாற்றலாம். பெட்ரோல் வண்டிக்கு அங்கீகாரம் பெற்ற சிஎன்ஜி, எல்பிஜி கிட் பொருத்தலாம். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியை மாற்றவும் வழி இருக்கிறது. கடனில் வாங்கிய வண்டி என்றால் முதலில் பைனான்ஸ் கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் பதினான்கு நாட்களுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் 52-ஆவது பிரிவில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

அடுத்து, நீங்கள் நம்பியிருக்கும் புகைச் சான்றிதழ். டீசல் வண்டியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். குழாயில் ஒரு கருவியைச் செருகி, வண்டி நின்ற நிலையிலேயே ஆக்ஸிலேட்டரைச் சடாரென முழுக்க அழுத்திவிடுவார்கள். சில முறை செய்து சராசரி எடுப்பார்கள். உங்கள் வண்டி பிஎஸ்-4 என்ற மாசு விதியின்படி வந்தது, அதற்கு அந்தச் சராசரி 1.62-ஐத் தாண்டக்கூடாது. கருவி அளப்பது புகையின் கருமையை மட்டும். ஈஜிஆர் கட்டுப்படுத்துவதோ நைட்ரஜன் ஆக்சைடுகளை, அவை கண்ணுக்குத் தெரியாது. ஈஜிஆரை அடைத்தால் கரும்புகை சில வேளை குறையக்கூடச் செய்யும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். சோதனையில் தேறிவிடுவீர்கள், சட்டத்தில் தேற மாட்டீர்கள். சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது என்பது இதனால்தான். காற்று மாசு, ஒலி விதிகளை மீறினால் 190(2) பிரிவில் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், போதாததற்கு லைசென்ஸும் மூன்று மாதம் தகுதி இழக்கும்.

இந்தச் சோதனை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈஜிஆரை அடைப்பதை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று நம் ஊர் மலைகளுக்கு நடுவே ஒரு குழியில் இருக்கிறது. காற்று அசையாத மார்கழிக் காலையில், விட்ட புகை கலையாமல் நமக்குள்ளேதான் நிற்கும். வெயில் ஏறியதும் அதே நைட்ரஜன் ஆக்சைடால் ஓசோன் உருவாகி நெஞ்சை எரிக்கும்.

இழுவைக்கு உண்மையான வைத்தியம் வேறு இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டரில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். மேலே காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கும் மேல் குறையும். ஆனால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் அந்தக் குறையின் பெரும்பகுதியை டர்போவே ஈடுகட்டிவிடும். பழைய டயரைப் போட்ட பிறகும் உங்கள் தார் திணறினால் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

முதலில் ஏர் பில்டர். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கு செல்லாது, அதற்கு முன்பே அடைத்துவிடும். அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ரப்பர் ஹோஸ். எஞ்சின் ஆறிய பிறகு அதன் கிளாம்ப்புக்கு அடிப்பக்கமாக விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எண்ணெயும் கரியும் கலந்த பிசுக்கு விரலில் ஒட்டினால் காற்று அங்கே கசிகிறது. ஹோஸை முறுக்கிப் பார்த்தால் மடிப்பில் மயிரிழை வெடிப்பு தெரியும். எஞ்சின் ஓடும்போது ஒருவரை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொன்னால் 'உஸ்' சத்தம் கேட்கும். இழுவை போச்சு என்று ரீமேப்புக்கு வரும் வண்டிகளில் இந்த ஹோஸ்தான் அடிக்கடி குற்றவாளி. ஹோஸும் நன்றாக இருந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைச் சிறு பாட்டில்களில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாட்டில் மற்றதைவிடச் சீக்கிரம் நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. ஈஜிஆர் வால்வைக் கழற்றி, கரியைச் சுத்தம் செய்து மாட்டினாலே போதும், அடைக்க வேண்டிய தேவையே வராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்பு பம்பரை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. உங்கள் மாடலில் ஏர்பேக் கிடையாது, அதனால் ஏர்பேக் வேலை செய்யாது என்ற வாதம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் மோதினால் அதிர்ச்சி நேராகச் சேஸிக்குப் போகும், குறுக்கே வந்தவர் உடம்பில் இரும்பு இறங்கும். கழற்றிவிடுங்கள்.

கூரை விளக்கு எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். முன்விளக்கின் வெளிச்சம் எட்டு மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூச வைக்கக்கூடாது என்பது விதி. கூரையிலிருந்து அடிக்கும் எல்இடி பார் அதற்கு எப்படி அடங்கும்? அதுவும் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் உயரத்திலிருந்து அடிக்கும் வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பம்பருக்குக் கீழே தாழ்வாக இருக்கும் பனி விளக்குதான் அங்கே உதவும்.

நேர்க்குழாயைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சைலன்சரோடு மாசைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விட்டிருந்தால் அது இரட்டைக் குற்றம். இரவில் காட்டெருமை குறுக்கிடும் சாலை அது, அந்தச் சத்தம் அங்கே தேவையே இல்லை.

கடைசியாக உங்கள் ஆதங்கம். லாரி தப்பியது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் வருத்தம் இன்னொன்றும் உண்டு. பாதுகாப்பாகச் செய்த ஒரு மாற்றத்தைச் சோதித்து அங்கீகரிக்க இங்கே தனி மனிதருக்குக் கதவே இல்லை. ஜெர்மனியில் மாற்றிய வண்டியை டியூவ் போன்ற சோதனை நிறுவனத்தில் காட்டி, தேறினால் வண்டியின் ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். கலிபோர்னியாவில் மாசு விதிக்கு உட்பட்ட உதிரிப் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியமே சோதனை முடிவுகளைப் பார்த்து எண் கொடுக்கிறது, வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம். நம்மிடம் சோதனைச் சாலை இல்லாமல் இல்லை. புனேயில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அவை நடைமுறையில் தயாரிப்பாளர்களுக்காக இயங்குகின்றன, ஒற்றை வண்டிக்காரருக்கு அல்ல. இதைக் கேட்க ஒரு வழி உண்டு. மோட்டார் வாகன விதிகளை மாற்றும் முன் வரைவை அரசிதழில் வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, வழக்கமாக முப்பது நாள் அவகாசம் தருவார்கள். சேலத்தில் இத்தனை ஜீப் பிரியர்கள் இருக்கிறீர்கள். புலம்பலாக இல்லாமல், எந்தப் பாகம், என்ன சோதனை, என்ன கட்டணம் என்று தெளிவாக எழுதி அந்த நாட்களுக்குள் அனுப்புங்கள்.

இப்போதைக்கு டயரையும் குழாயையும் முதலில் மாற்றுங்கள், பம்பரும் விளக்கும் அடுத்து. எல்லாம் கழற்றும்வரை வண்டியைத் தோட்டத்துக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் மாற்றங்களைக் காட்டி உங்கள் வண்டிக்கான இன்சூரன்ஸ் கோரிக்கையை நிராகரிக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே வசூலிக்கவும் உத்தரவு வரலாம். ரீமேப் செய்தவரிடம் பழைய ஒரிஜினல் பைலைச் சேமித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் ஈஜிஆரை அடைத்த தகட்டை எடுத்த அன்றே அதை ஏற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இசியுவுக்கு ஒரிஜினல் சாப்ட்வேர் ஏற்றித் தரச் சொல்லி, அந்த பில்லை ஆர்சி நகலோடு வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.