மல்ச்சிங் ஷீட் நொறுங்குது, ரோட்டவேட்டர் விட்டுரலாமா?

கேள்வி: ஐயா, மிளகாய்க்கு பாத்தியை மூடுற சில்வர்-கருப்பு மல்ச்சிங் ஷீட் போட்டு மூணு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள பாத்தி மேல அங்கங்க நொறுங்குது. 25 மைக்ரான் கனம்னுதான் குடுத்தாங்க. கடைசி பறிப்பு முடிஞ்சதும் மண்ணைக் கிளறுற ரோட்டவேட்டரை விட்டு ஓட்டிருங்க, தானா மக்கிரும்னு கடைக்காரர் சொல்றாரு. செய்யலாமா? அடுத்து எந்த ஷீட் வாங்கலாம்?

பதில்: ஓட்டாதீங்க தம்பி. அது பாலித்தீன், மக்காது, பொடியாத்தான் ஆகும். முழுசா கிடந்தா கையால உருவிரலாம், ரோட்டவேட்டர் பிளேடு பட்டுச்சுன்னா நகம் அளவுத் துண்டா மண்ணுக்குள்ள போயிரும், அப்புறம் யார் பொறுக்குறது? அடுத்த பயிரோட வேர் அதுல முட்டும், தண்ணி இறங்காது, மேய வர்ற மாடு அதைத் தின்னு வயித்துல சேத்துக்கும். சில பேரு "மக்கும் ஷீட்"னு ஆக்ஸோ சரக்கை, அதாவது சீக்கிரம் உடையிறதுக்கு மருந்து கலந்த பிளாஸ்டிக்கைத் தலையில கட்டுவாங்க, அதுவும் உடையிற சரக்குதான், ஐரோப்பிய ஒன்றியம் 2021லயே தடை பண்ணிருச்சு.

ஷீட்டே கூடாதுன்னு சொல்லல. களை அடங்குது, ஈரம் நிக்குது, சில்வர் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறதால இலைப்பேன், வெள்ளை ஈ குறையுது, எல்லாம் நெசம். கோரைப்புல் மட்டும் ஷீட்டையும் குத்திக்கிட்டு மேல வரும், உங்க ஓட்டைல பாதி அதுவான்னு குனிஞ்சு பாருங்க.

நொறுங்குதுன்னா வெயில் தாங்குற மருந்தைக் கம்மியா சேத்திருப்பான், இல்ல பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஓட்டிருப்பான். நீங்க கந்தகம் அடிச்சிருந்தா அதுவும் அந்த மருந்தைக் கெடுக்கும்.

அடுத்த தடவை எந்த ஷீட்னு கேக்குறதுக்கு முன்னாடி தராசு எங்கன்னு கேளுங்க. 1.2 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான்னா நடு குழாயைக் கழிச்சு ரோல் 11 கிலோவாவது நிக்கணும். 9 கிலோதான் காட்டுதுன்னா அது 20 மைக்ரான், பேச்சே வேணாம். எடை சரியா இருந்தும் இழுத்தா நீளாம பட்டுனு கிழிஞ்சா சுண்ணாம்புத்தூள் கலப்பா இருக்கும். எடை போடவே மாட்டேன்கிற கடைல நான் ஒரு ரோல்கூட வாங்கமாட்டேன்.

இப்ப இருக்குறதை பறிப்பு முடிஞ்சதும் செடியைத் தரையோட அறுத்துட்டு, மண்ணு கையில ஒட்டாத பதத்துல ரெண்டு ஓரத்தையும் மம்பட்டியால நெகிழ்த்தி, சுருட்டிக்கிட்டே போங்க. சொட்டுநீர் லேட்டரல் குழாயை முதல்லயே உருவிருங்க. மண்ணை நல்லா உதறிருங்க, சேறும் சகதியுமா குடுத்தா பழைய பிளாஸ்டிக் எடுக்குறவங்க திருப்பி அனுப்பிருவாங்க. வரப்புல போட்டுக் கொளுத்துற வேலை மட்டும் வேணாம்.