பட்டறைக் கேள்வி பதில்: தடித்த ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு நெருப்பு வேண்டாம்

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் படிக்கட்டுக்கு 20 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பியில் கைப்பிடி செய்து கொடுத்தேன். குழாய் இல்லை ஐயா, உள்ளே நிறைந்த கம்பி. இரும்பை வளைப்பது போலவே காஸ் டோர்ச்சால் சிவக்கச் சூடாக்கி வைஸில் பிடித்து வளைத்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வளைவுகளில் மட்டும் பழுப்பு ஏறிவிட்டது. கம்பி கூடாதா, நான் வளைத்த விதம் கூடாதா? மெஷின் இல்லாத சின்னப் பட்டறையில் இதை எப்படித்தான் வளைப்பது?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: நேராக இருக்கும் பகுதி பளபளவென்று இருக்க, வளைவு மட்டும் பழுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. கம்பி மட்டமானதாக இருந்தால் கைப்பிடி முழுவதும் துரு இறங்கியிருக்கும். நெருப்புப் பட்ட இடம்தான் கெட்டிருக்கிறது.

நாம் பெரும்பாலும் வாங்குவது 304 என்ற ரகம். அதில் குரோமியம் ஏறத்தாழ 18 வீதம், நிக்கல் 8 வீதம். துருவைத் தடுப்பது அந்தக் குரோமியம். காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே மூடிக்கொள்ளும், கீறினாலும் திரும்ப மூடிக்கொள்ளும். ஆனால் 425 பாகையிலிருந்து 860 பாகை செல்சியஸ் வரைக்கும் உள்ள சூட்டில் கம்பி கொஞ்ச நேரம் கிடந்தால், உள்ளே இருக்கிற கரி (காபன்) குரோமியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணிமணியான உலோகத் துகள்களின் ஓரங்களில் போய் ஒதுங்கிவிடும். அந்த ஓரங்களில் படலம் போட மிச்சக் குரோமியம் இருக்காது. ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. இரும்புக்கு நாம் பழகிய அந்தச் சிவப்பு நிறம் இந்தச் சூட்டுக்குள்தான் விழுகிறது. போதாததற்கு, சூடு பட்ட மேல்தோலில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கறை படியுமே, அதற்கு அடியிலும் குரோமியம் குறைந்துதான் இருக்கும். நம் பக்கத்து மழையையும் பனியையும் சொல்ல வேண்டியதில்லை. பொகவந்தலாவையில் ஒரு கைப்பிடி முழுதாகக் காய்ந்து கிடக்கும் நாட்களே குறைவு.

ஆகவே 20 மில்லிமீற்றர் வரைக்கும் பச்சையாகவே, அதாவது சூடாக்காமலே, வளையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மலையகத்துப் பட்டறைகளில் தடித்த கம்பி என்றதும் கை தானாகவே டோர்ச்சுக்குப் போகிறது.

பச்சையாக வளையுமா என்று பயப்பட வேண்டாம், கணக்கைப் பாருங்கள். கம்பியின் விட்டம் இரண்டு மடங்கானால் வளைக்கும் பலம் எட்டு மடங்கு வேண்டும். 10 மில்லிமீற்றர் கம்பி கையோடு வளைந்துவிடுவதும் 20 அசைய மறுப்பதும் அதனால்தான். மெதுவாக்கப்பட்ட, அதாவது ஆலையிலேயே சூடாக்கி இளக்கிய, 20 மில்லிமீற்றர் கம்பிக்கு ஒரு மீற்றர் நெம்புகோலின் நுனியில் ஆரம்பத்தில் முப்பது முப்பத்தைந்து கிலோ பாரம் போதும். வளைய வளைய ஸ்டெயின்லெஸ் இறுகும். முடிக்கிற நேரம் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். இரண்டு மீற்றர் நெம்புகோல் போட்டால் எல்லாம் பாதி. அதற்கு இரண்டு ஆட்கள் தாராளம். ஆனால் குளிர் இழுப்பில் இழுத்த பளபளப்பான கம்பி பிறவியிலேயே இறுகியிருக்கும், அது இன்னும் கூடுதலாகக் கேட்கும். கடையில் வாங்கும்போதே மெதுவாக்கிய கம்பியா என்று கேளுங்கள்.

பலத்தை விடப் பெரிய விஷயம், எதைச் சுற்றி வளைக்கிறீர்கள் என்பது. வைஸ் தாடையின் கூர் விளிம்பில் வைத்து இழுக்கவே வேண்டாம். 80 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு உருளை தேடுங்கள். பழைய பெக்டரி ஷாஃப்ட்டில் வெட்டிய துண்டு இதற்கு அருமையாக இருக்கும். அதைச் சுற்றி வளைத்தால் உள்வளைவு ஆரம் 40, அதாவது கம்பி விட்டத்தின் இரண்டு மடங்கு. வெளிப்பக்கத் தோல் 20 வீதம் மட்டுமே நீளும். மெதுவாக்கிய 304 அறுவதற்கு முன் 40 வீதம் வரை நீளக்கூடியது, ஆகவே உங்களுக்கு நல்ல இடைவெளி இருக்கிறது. ஆரத்தை விட்டத்தின் அளவுக்கே குறைத்தால் வெளித்தோல் 33 வீதம் நீள வேண்டி வரும். அது பள்ளத்தின் விளிம்பில் நடப்பது போல.

இருபது மில்லிமீற்றர் தடிப்புத் தகட்டை மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் உருளையை நிறுத்தி, கம்பியின் ஒரு பக்கத்தை அணைத்துப் பிடிக்க ஒரு கட்டையையும் வெல்ட் பண்ணுங்கள். மேசையைக் கொன்கிரீட்டில் பதிக்காவிட்டால் கம்பிக்கு முன் மேசைதான் சுழலும். இதற்கும் இடம் இல்லையென்றால் லொறி ஜாக் இருக்கிறதே. இரண்டு உருளைத் தாங்கிகளை 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்து, கம்பியின் நடுவில் அந்த 80 மில்லிமீற்றர் உருளையால் அழுத்தினால், 20 மில்லிமீற்றர் கம்பிக்கு இரண்டு தொன்னுக்குள்ளேயே வேலை முடியும். 25 மில்லிமீற்றருக்கு மூன்று தொன் சுமாராக. பத்துத் தொன் ஜாக் ஒன்றும் உறுதியான இரும்புச் சட்டமும் போதும், மூன்று பேஸ் கரண்ட்டும் தேவையில்லை. ஜாக் கொண்டு வளைப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. மெல்ல மெல்ல நகரும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். நெம்புகோல் நழுவினால் ஆளின் முகத்துக்குத்தான் வரும், அப்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

ஸ்டெயின்லெஸ் விட்டவுடன் கொஞ்சம் திரும்பி நிமிரும், இரும்பை விட அதிகம். எவ்வளவு என்று புத்தகத்தில் தேட வேண்டாம். அதே கம்பியில் வெட்டிய துண்டை 90 பாகைக்கு வளைத்து விட்டுப் பாருங்கள், எத்தனை பாகை திரும்பியதோ அத்தனையைக் கூட்டி அடுத்ததை வளையுங்கள்.

இன்னொன்று. உருளையும் தாங்கியும் இரும்பு என்றால் அந்த இரும்பு கம்பியில் ஒட்டிக்கொண்டு பிறகு பழுப்புப் புள்ளிகளாக வரும். நடுவே பித்தளைத் தகடோ தடித்த பிளாஸ்ரிக்கோ வையுங்கள். இரும்பு தேய்த்த கிரைண்டர் டிஸ்க்கையும் இரும்புக் கம்பிப் பிரஷையும் ஸ்டெயின்லெஸ்ஸில் தொடவே கூடாது. முடிந்ததும் ஒரு லீற்றர் தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வளைவை இருபது நிமிடத்துக்குக் குறையாமல் நனைத்து வைத்துக் கழுவினால் ஒட்டிய இரும்பு போய்விடும்.

கோயிலில் இருக்கும் கைப்பிடியை என்ன செய்வது? இரும்பு படாத புது ஃப்ளாப் டிஸ்க்கால் கறையை வெள்ளை உலோகம் தெரியும் வரை எடுத்து, நைசாகத் தேய்த்து, சிட்ரிக்கால் கழுவி விடுங்கள். கறைதான் காரணம் என்றால் அதோடு நின்றுவிடும். திரும்பவும் அதே இடத்தில் வந்தால் உள்ளே கெட்டிருக்கிறது, வளைவை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டியதுதான். பக்தர்கள், அதிலும் வயதானவர்கள், பாரம் கொடுத்துப் பிடிக்கிற கம்பி, தம்பி. சும்மா மினுக்கிவிட்டு விடாதீர்கள்.

நெருப்பு கட்டாயம் வேண்டிய வேலை உண்டு: 32 மில்லிமீற்றர், சின்ன ஆரம் என்றால். அப்போது சிவப்போடு நிறுத்தாமல் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம் வரை, 1100 பாகைக்கு ஏற்றுங்கள். ஸ்டெயின்லெஸ் சூட்டைக் கடத்துவது சாதாரண இரும்பின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், ஆகவே வெளியே பழுத்தாலும் உள்ளே பச்சையாக இருக்கும், பொறுமையாக ஏற்ற வேண்டும். நிறத்தை நிழலில் பாருங்கள், வெயிலில் ஏமாற்றும். நிறம் மங்கி 925 பாகைக்குக் கீழே போனால் வளைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பச் சூடாக்குங்கள். கடைசியாக ஒரு முறை முழுதாக 1050க்கு மேல் ஏற்றி, உடனே தண்ணீரில் முக்குங்கள். உருக்கை முக்கினால் இறுகும், இது மெதுவாகும், குரோமியமும் இருந்த இடத்திலேயே கரைந்து நிற்கும். கரி அடுப்பில் நேரே புதைத்தால் கரி ஏறும், அசற்றலின் கூடிய சுவாலையும் அப்படித்தான். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய் சூடான கம்பிக்குக் கிட்டேயும் வரக்கூடாது. உருகிய நாகம் சூடான ஸ்டெயின்லெஸ்ஸுக்குள் இறங்கி அதில் வெடிப்பு விழ வைக்கும், புகையும் ஆளுக்குக் கேடு. இப்படிப்பட்ட வேலைக்கு 304எல் கிடைத்தால் வாங்குங்கள். அதில் கரி 0.03 வீதத்துக்கு மேல் இல்லை.

கேள்வி: வளைவுக்கு எவ்வளவு கம்பி வெட்டுவது? எனக்கு எப்போதும் ஒரு பக்கம் நீளமாகி விடுகிறது.
– வாசகி, மஸ்கெலியா

பதில்: கம்பியின் நடுக்கோட்டில் அளந்தால் சரியாக வரும் அம்மா. உள்வளைவு ஆரத்தோடு கம்பி விட்டத்தின் பாதியைக் கூட்டி, 90 பாகை வளைவென்றால் 1.57ஆல் பெருக்குங்கள். 20 மில்லிமீற்றர் கம்பி, 40 ஆரம்: 50 பெருக்கல் 1.57, ஏறத்தாழ 78.5 மில்லிமீற்றர். இரண்டு நேர்ப் பகுதிகளையும் வளைவு தொடங்கும் இடம் வரை அளந்து இதைக் கூட்டுங்கள். வெளியோரத்தில் அளந்தால்தான் ஒரு பக்கம் மிச்சமாகும்.

கேள்வி: 304 என்று சொல்லி வாங்கிய கம்பியில் வளைத்த இடத்தில் காந்தம் ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: அவசரப்பட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். 304 பச்சையாக வளையும்போது அதன் உள்ளமைப்பில் ஒரு பகுதி மாறி காந்தத்துக்கு இசைந்துவிடும். வளைக்காத நேர்ப் பகுதியில் காந்தத்தை வையுங்கள். அங்கே பலமாக ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நிக்கலைக் குறைத்து மங்கனீஸ் கூட்டிய 202 ரகமும் காந்தத்துக்கு ஒட்டாது, அதனால் காந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லாது. 202 வளைக்கவும் கூடுதல் பலம் கேட்கும், வெளிமழையில் முதலில் பழுக்கும். பெரிய வேலைக்குப் பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை ட்ரொலிக்கு 16 மில்லிமீற்றர் கம்பியில் கைப்பிடி வளைத்தேன். பச்சையாகத்தான் வளைத்தேன், ஆனாலும் வெளிப்பக்கம் பிளந்தது.
– வாசகர், தலவாக்கலை

பதில்: உருளையின் ஆரத்தை எழுதவில்லை. 32 ஆரத்துக்குக் குறைவாக, அதாவது கம்பி விட்டத்தின் இரண்டு மடங்குக்குக் கீழே போயிருந்தால் அதுவே காரணமாகலாம். அளவு சரி என்றால் கம்பி 303 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். லேத்தில் சுலபமாகக் கடைய வேண்டும் என்று கந்தகம் சேர்த்த ரகம் அது. போல்ட்டுக்கும் பின்னுக்கும் நல்லது, வளைப்பதற்கும் வெல்டிங்குக்கும் ஆகாது. பிளந்த கைப்பிடியை வெல்ட் பண்ணி மூட வேண்டாம், பாரம் ஏறும்போது அதன் பக்கத்திலேயே விடும். 304இல் வேறு கம்பி எடுங்கள். வளைக்கும் பகுதியில் நீளவாட்டுக் கீறல் இருந்தால் நைசாகத் தேய்த்துவிட்டு வளையுங்கள், பிளவு கீறலில்தான் பிடிக்கும்.